இருவர் பெயரிலுள்ள வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுக்கும்போது



"வீடு என்ட பேரிலயும் அவர்ட பேரிலயும் இருக்கு. அவர் இப்ப எங்களோட இல்ல. முன் அறைய வாடகைக்குக் குடுக்கலாமா?" படுவான்கரைக் கிராமங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்கள் சிதறின. சில கணவன் மனைவியர் பிரிந்தே வாழ்கிறார்கள். வீடோ இன்னும் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. பாடசாலைக்கு வரும் ஆசிரியரோ மேசன்மாரோ அறை கேட்டால், அந்த வாடகைதான் அடுப்பெரியக் காசு. சண்டை தொடங்குவதும் அங்கேதான்.

முதலில் உறுதியை எடுத்துப் பாருங்கள். நமது பகுதியில் வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாக எழுதுவது வழக்கம். சில உறுதிகளில் பெண்ணின் பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் மாப்பிள்ளையின் பெயரும் சேர்ந்திருக்கும். உங்கள் பெயர் மட்டும் இருந்தால் வீடு உங்களுடையது. வாடகைக்குக் கொடுக்கக் கணவரின் கையொப்பம் தேவையில்லை. அது தேவை என்பது வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம். மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும்.

இருவர் பெயரும் இருந்தால், பங்கு வேறாக எழுதப்படாதவிடத்து ஆளுக்குப் பாதி. பிரிந்து போனதால் ஒருவரின் பங்கு அழிவதில்லை. வீட்டில் இருப்பதால் மற்றவர் முழுச் சொந்தக்காரராவதும் இல்லை. எந்த அறை யாருடையது என்று பிரிக்கப்படாதவரை எல்லா அறையிலும் இருவருக்கும் உரிமை உண்டு. ஆகவே ஒருவர் தனியே ஓர் அறையைக் கொடுத்தால் அது மற்றவரைக் கட்டுப்படுத்தாது. வாடகைக்கு வந்தவர்தான் நடுவில் அகப்படுவார்.

வாடகை பங்கின்படி பிரியும். அவசியமான திருத்தச் செலவும் அப்படியே. ஓர் உதாரணம். கூரைக்கும் கதவுக்கும் நீங்கள் 24,000 ரூபா செலவழித்தீர்கள். மாத வாடகை 4,000 ரூபா. செலவில் அவருடைய பாதி 12,000. வாடகையில் அவருடைய பாதி 2,000. ஆறு மாதத்தில் அவருடைய கடன் தீரும். ஏழாம் மாதத்திலிருந்து 2,000 ரூபா அவருக்குப் போகவேண்டும். கடைப் பற்றுச்சீட்டுகளைக் கவனமாக வைத்திருங்கள்.

பிள்ளைகளின் தாபரிப்பு வேறு விடயம். "அவர் பிள்ளைகளுக்குத் தருவதில்லை, அதனால் வாடகையில் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன்" என்று நீங்களாக முடிவெடுக்கவேண்டாம். தாபரிப்புக்கு நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவருடைய வாடகைப் பங்கைப் பிள்ளைகளுக்கே விடுவதாக இருவரும் இணங்கினால், அதை எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். தொலைவில் இருப்பவர் கடிதம் மூலம் சம்மதம் அனுப்பலாம்.

ஆளைக் குடிவைக்க முன்னர் வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, கிணறும் மலசலகூடமும் எப்படிப் பாவிப்பது, காசை யார் வாங்குவது என்று எழுதுங்கள். மாதத்துக்கு மாதம் கொடுக்கும் வாடகைக்குச் சாதாரண தாள் போதும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தைக் குறித்துக் கொடுப்பதானால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதவேண்டும். 1840 ஆம் ஆண்டிலிருந்து இதுவே சட்டம். கொப்பித் தாளில் "இரண்டு வருடம்" என்று எழுதினால் அந்த இரண்டு வருடக் குத்தகைக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை.

உங்களுடையது உறுதிக் காணி அல்ல, அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால், யாருக்கும் கொடுக்க முன்னர் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதியின்றிக் கொடுத்தால் காணிக்கே ஆபத்து வரலாம்.

பேச்சு முறிந்தால் பூட்டை உடைக்கவேண்டாம், வாடகைக்காரரின் சாமான்களை வெளியே போடவும் வேண்டாம். மத்தியஸ்த சபைக்கு, அதாவது நமது ஆட்கள் சொல்லும் இணக்கசபைக்கு, எழுதிக் கொடுங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை அது. சட்டத்தரணி வேண்டியதில்லை. சபை தீர்ப்புச் சொல்லாது, இருவரையும் இணங்கவைக்கப் பார்க்கும். இணங்கினால் எழுத்தில் தரும், இணங்காவிட்டால் அதற்கும் சான்றிதழ் தரும். ஒன்றாக வைத்திருக்கவே முடியாது என்றால், 1977 ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போகலாம். ஆனால் அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், சிறிய வளவு விற்கப்படவும் கூடும். வசதியில்லாதவர்கள் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அடிப்பேன், கொளுத்துவேன் என்று யாராவது மிரட்டினால் அது வாடகைப் பிரச்சினை அல்ல. தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போங்கள். 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் உறுதியைத் தேடி எடுங்கள். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். உறுதியின் இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவற்றில் தெரிந்ததைக் குறித்துக்கொண்டு போங்கள். வாசிக்கக் கடினமாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.