எதைத் தெரிந்துகொள்வது என்று யார் முடிவு செய்வது?

(சிம்பாங் பூலாயில் நடந்த மக்கள் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உளவு என்று சொன்னாலே நமக்கு எஸ்.பி. ஞாபகம்தான் வரும். கூட்டத்தின் ஓரத்தில் நின்று குறிப்பெடுப்பவர், யார் யார் வந்தார்கள் என்று எண்ணுபவர். இன்றைக்கும் யாராவது வந்திருந்தால் அவருக்கும் வணக்கம், உட்கார்ந்தே கேளுங்கள். ஆனால் நான் பேச வந்தது வேறொரு உளவு. வெளிநாட்டில் என்ன விஞ்ஞானம் வளர்கிறது, என்ன தொழில்நுட்பம் வருகிறது, அதனால் நன்மை என்ன, கேடு என்ன என்று ஓர் அரசாங்கம் தேடித் தெரிந்துகொள்கிறதே, அந்த வேலை.

உலகத்தில் எல்லாவற்றையும் எந்த அரசாங்கமும் தெரிந்துகொள்ள முடியாது. பணமும் ஆளும் போதாது. அதனால் எது முதலில், எது பிறகு என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அமெரிக்காவில் 2003 முதல் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. உளவுத்துறை எதை முதலில் தேட வேண்டும் என்பது அதிபர் வரைக்கும் போய் முடிவாகிறது. நம் நாட்டில் அப்படிப் பெயர் வைத்த பட்டியல் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் பட்டியல் இல்லாமல் இல்லை. அரசாங்கம் எதைத் தேடிப் போனது, எதைத் தேடவே இல்லை என்று பார்த்தால் பட்டியல் தானாகத் தெரிந்துவிடும்.

நம் கதையே அப்படி ஒரு பட்டியலில்தான் ஆரம்பித்தது. பிரேசில் காட்டில் இருந்த ரப்பர் விதை வேண்டும் என்று லண்டனில் இருந்த இந்தியா அலுவலகம் முடிவு செய்தது. 1876-ல் விக்ஹாம் என்பவர் சுமார் 70,000 விதைகளைக் கொண்டுபோய்க் கியூ தோட்டத்தில் கொடுத்தார். அடுத்த ஆண்டே சில கன்றுகள் சிங்கப்பூருக்கும், நம் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. பிறகுதான் பால் மரக்காடு, கங்காணி, கப்பல், லயம். நம் பாட்டன் பூட்டனை யாரும் கேட்டுப் பட்டியல் போடவில்லை.

சரி, அது வெள்ளைக்காரன் காலம். சுதந்திரத்துக்குப் பிறகு?

செம்பனைத் தோட்டத்தில் இருந்த வயதான அம்மாமார்களுக்கு ஞாபகம் இருக்கும். பூவுக்குக் கையால் மகரந்தத் தூள் தூவுகிற வேலை ஒன்று இருந்தது. பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் கெமரூன் நாட்டில் இந்த வேலையை ஒரு சின்ன வண்டே செய்கிறது என்று யூனிலீவர் தோட்ட நிறுவனத்தார் கவனித்தார்கள். பூச்சி நிபுணரை அனுப்பி ஆராய்ந்து, அரசாங்க அனுமதி வாங்கி, 1981-ல் குளுவாங்கில் அந்த வண்டைப் பறக்க விட்டார்கள். காய்ப்பு கூடியது. தூள் தூவுகிற வேலை போயிற்று. வண்டு வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, நல்ல விஞ்ஞானம்தான். ஆனால் எவ்வளவு சுறுசுறுப்பாக நடந்தது என்று பாருங்கள். கெமரூன் காட்டில் ஒரு வண்டு என்ன செய்கிறது என்பது வரைக்கும் தெரிந்துகொள்ள முடிந்தது.

இப்போது அதே தோட்டத்தில் அடித்த மருந்தைப் பாருங்கள். பாராகுவாட். பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடித்தவர்கள் நம் அம்மா, சின்னம்மா, அக்காதான். நகம் கறுத்து விழும், மூக்கில் ரத்தம் வரும், தோல் வெந்துபோகும். உள்ளே போய்விட்டால் மாற்று மருந்து கிடையாது. சுவீடன் நாடு இதை 1983-லேயே தடை செய்தது. இங்கே தெனாகனித்தா அமைப்பு மருந்து அடிக்கும் பெண்களை நேரில் பார்த்து ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு தடை அறிவித்தார்கள். தோட்ட முதலாளிகளும் மருந்துக் கம்பெனியும் நெருக்க, 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. சுவீடனுக்கும் நமக்கும் நடுவில் 37 ஆண்டு.

சுவீடனின் தடை ரகசியமா? இல்லை. கடிதம் போட்டுக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். காய்ப்பைக் கூட்டும் வண்டு பட்டியலில் முதலில் இருந்தது, மருந்து அடிப்பவளின் நுரையீரல் பட்டியலிலேயே இல்லை. அதுதான் வித்தியாசம்.

அடுத்து, நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். ஈப்போவுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மேரா. அது பெரும்பாலும் சீனர்கள் வாழும் புதுக்கிராமம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். கதிர்வீச்சு அடையாள அட்டை பார்த்து வருவதில்லை.

1982-ல் 'கிழக்கை நோக்கு' என்ற கொள்கை வந்தது. ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள், மாணவர்களை அனுப்பினார்கள். அதே ஆண்டில்தான் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பங்குதாரர். ஈயச் சுரங்கத்து அமாங்கிலிருந்து மோனசைட்டை எடுத்து, அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிப்பார்கள். மிச்சமாவது தோரியம் கலந்த கழிவு. ஜப்பானிடம் உழைப்பும் ஒழுங்கும் கற்றோம், நல்லது. மினமாட்டாவில் பாதரசக் கழிவால் மக்கள் செத்ததும், 1973-ல் நீதிமன்றம் கம்பெனியைக் குற்றம் சொன்னதும் அதே ஜப்பானில்தான் நடந்தது. அந்தப் பாடத்தை யார் போய்ப் படித்து வந்தார்கள்?

புக்கிட் மேரா மக்கள்தான் படித்தார்கள். ஜப்பானிலிருந்து இச்சிகாவா என்ற விஞ்ஞானியையும், கனடாவிலிருந்து ரோசலி பெர்டெல் அம்மையாரையும் அவர்கள் தரப்புக்கு வரவழைத்தார்கள். 1985-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஏறினார்கள், இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். 1987-ல் உரிம வாரியம் அனுமதி கொடுத்து ஆலை மறுபடி ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் லாலாங் நடவடிக்கை. விசாரணையில்லாமல் உள்ளே தள்ளப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் புக்கிட் மேரா போராட்டக்காரர்களும் இருந்தார்கள். கேள்வி கேட்டவன் யார் என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குழியில் கிடப்பது என்ன என்பதில்தான் அவ்வளவு அக்கறை இல்லை.

1992 ஜூலையில் ஈப்போ நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. உரிம வாரியத்திடம் போய் முறையிட்டிருக்க வேண்டும் என்றது. ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன், உரிமம் கொடுத்தவனிடமே போய் முறையிடு என்பது சட்டத்தில் சரியாக இருக்கலாம், ஏழைக்கு அது கதவு இல்லை, சுவர். வழக்கில் ஜெயித்த கம்பெனி 1994-ல் ஆலையை மூடியது. பிறகு கழிவை அள்ளிக் கிளேடாங் மலையில் புதைக்க சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவானது. முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியின் விலை அது.

பழைய கதை இல்லை இது. உலு பேராக்கில், கிரிக் பக்கம் கெனெரிங்கில் 2022 முதல் அரிய மண் மறுபடி எடுக்கிறார்கள். சீனத் தொழில்நுட்பம். மலை மண்ணுக்குள் அமோனியம் சல்பேட் கரைசலை விட்டுக் கரைத்து எடுக்கும் முறை. இது புக்கிட் மேரா மாதிரி இல்லை, கதிர்வீச்சு இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். தென் சீனாவில் கான்சோ வட்டாரத்தில் இதே முறையால் தண்ணீர் கெட்ட அனுபவம் உண்டு. கெனெரிங் பேராக் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. சீனாவிடம் எடுக்கும் முறையை வாங்கினோம், கெட்டுப்போன ஆற்றைப் பற்றியும் விவரம் வாங்கினோமா? வாங்கியிருந்தால் அந்த விவரத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆற்றோர மக்களுக்குக் கொடுக்க வேண்டும். கேட்டால் 1972-ன் அரசாங்க ரகசியச் சட்டத்தைக் காட்டக் கூடாது. சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியிருக்கின்றன. நம் பேராக் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திருமணத்துக்கு வரும்போது, நம் மாநிலத்துக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாடு போட்ட பிறகே கேளுங்கள், பரவாயில்லை.

பெரிய பட்டியல் நம் கையில் இல்லை. சின்னது ஒன்று இருக்கிறது. ஆலையிலோ தோட்டத்திலோ கல்குவாரியிலோ நீங்கள் தொடும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்பு விவரத் தாள் ஒன்று உண்டு. மலாயில் 'ஹெலாயான் டத்தா கெசெலாமத்தான்' என்பார்கள். ரசாயனத்தை விற்பவர் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும் என்று 2013-ன் விதிமுறை சொல்கிறது. மண்டோரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போங்கள். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும், அதில் தொழிலாளி சார்பாகவும் ஆள் இருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் இன்னொன்றும் சட்டத்தில் வந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு நீங்கள் விலகலாம். அதற்காகத் தண்டிக்க முடியாது. மறுத்தால் ஜே.கே.கே.பி.யில் புகார் கொடுக்கலாம், எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

வாசலில் மேசைமேல் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். உங்கள் வேலையிடத்தில் இருக்கும் தோம்பிலும் போத்தலிலும் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதை எழுதிவிட்டுப் போங்கள். பெயர் தெரியாவிட்டால் நாளைக்குக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வாருங்கள். உங்கள் பெயர் வேண்டாம், மருந்தின் பெயர் போதும். அந்த மருந்தை எந்தெந்த நாட்டில் தடை செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அடுத்த சந்திப்பில் சொல்கிறோம்.