துடைப்பமும் கேமராவும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



ஏரியைச் சுத்தம் பண்ண வரச்சொல்லி நமக்கு மறுபடியும் அழைப்பு வந்திருக்கு. போன தடவை ஞாபகம் இருக்கா? புதுத் துடைப்பம், தொப்பி, போட்டோ. ஒரு மணி நேரத்தில் வந்தவங்க கார் ஏறிட்டாங்க. நமக்கு ஒரு நாள் கூலி போச்சு. அள்ளிக் கட்டிய மூட்டைகளை நாய் கிழிச்சு, மழையில் எல்லாம் திரும்ப ஏரிக்கே போயிடுச்சு.

இனி விளம்பரமே வேண்டாம் என்கிறார்கள் சிலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

மும்பையில் வெர்சோவா கடற்கரை. அப்ரோஸ் ஷா என்ற வக்கீல் 2015 அக்டோபரில், பக்கத்து வீட்டுப் பெரியவரோடு குப்பை அள்ள ஆரம்பித்தார். வாராவாரம் ஆட்கள் சேர்ந்தார்கள். 2016-இல் ஐ.நா. விருது. கேமராக்களும் வந்தன. ஆனாலும் 2017 நவம்பரில் வேலையை நிறுத்திவிட்டார். அள்ளிய குப்பை கரையிலேயே கிடந்தது, எடுக்க ஆளில்லை (நம்ம கதையேதான்!). தொண்டர்களுக்குத் தொல்லை வேறு. நிறுத்தியதே பெரிய செய்தியானது. முதலமைச்சர் உதவுவதாகச் சொன்ன பிறகு மறுபடி தொடங்கினார்கள். 2018 மார்ச்சில், சுமார் 20 வருஷத்துக்குப் பிறகு, பங்குனி ஆமைக் குஞ்சுகள் அங்கே கடலில் இறங்கின. அதே வருஷம் நடிகர் அமிதாப் பச்சன் ஒரு டிராக்டரும் மண் அள்ளும் எந்திரமும் கொடுத்தார். கேமராவால் வந்த லாபம் இதுதான்.

அதனால் இந்தத் தடவையும் போவோம். ஆனால் வண்டி என்றைக்கு வரும், குப்பை எங்கே போகும் என்று தீர்மான நோட்டில் எழுதி, அழைத்தவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான். கையுறையும் அவங்களே தரணும். போன தடவை கண்ணாடி குத்தி மூணு பேர் ஊசி போட்டுக்கிட்டாங்க.