மனிதவள மேலாண்மை பயிலும் நம் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும்?

(ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பிளஸ் டூ முடித்துவிட்டு இவ்வாண்டு நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த பிள்ளைகளில் சிலர், பி.பி.ஏ. அல்லது எம்.பி.ஏ. படித்து 'எச்.ஆர்.' ஆக விரும்புவதாகக் கூறினர். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அப்படிப்பில் எதைக் கற்பீர்கள் என்று நாம் வினவியபோது, நேர்முகத் தேர்வு நடத்துவது, ஆங்கிலத்தில் சரளமாக உரையாடுவது என்பதற்கு அப்பால் பதில் வரவில்லை. பெற்றோருக்கோ அது ஏ.சி. அறையில் அமர்ந்து செய்யும் உத்தியோகம் என்ற அளவிலேயே தெரிந்திருக்கிறது. நாடுகாணிக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏ.சி. மீது இத்தனை ஆசை ஏன் என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை!

எனவே, சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம். தேயிலைத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் உம்மா, தமக்கு வந்த பணிக்கொடைக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அதில் பணிக்காலம் 28 ஆண்டுகள் என்றிருந்தது. மூன்று ஆண்டுகள் எங்கே போயின என்று அவருக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அப்போது கல்லூரியில் மனிதவள மேலாண்மை இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்த நம் மஹல்லாப் பெண்ணை அழைத்துத் தாளைக் காட்டினோம். மாஸ்லோவின் தேவைப் படிநிலைகளை அவர் மனப்பாடமாகச் சொல்வார். பணிக்கொடைத் தாளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அவரைக் குறை கூறவில்லை. அவருக்கு எவரும் அதைக் காட்டியதில்லை.

ஆயினும் அப்பெண் சட்டப் புத்தகத்தைத் தேடி வாங்கி, இரண்டு இரவுகள் அமர்ந்து படித்தார். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, இடையில் முறிவு நேர்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டில் ஒருவர் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகக் கொள்ளப்படும். அந்த 240 நாட்களில் மகப்பேறு விடுப்பும் சேரும். அன்றைய வரம்பு 12 வாரம். 2018 முதல் அது 26 வாரமாயிற்று. உம்மாவுக்குப் பிள்ளைகள் மூவர். ஒவ்வொரு பிரசவத்தின் போதும் விடுப்பில் இருந்த நாட்களைக் கணக்கெழுதியவர் வராத நாட்களாகக் கழித்திருக்கிறார். எனவே மூன்று ஆண்டுகளும் 240க்குக் கீழே இறங்கிக் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. இதில் வஞ்சகம் இருந்ததாக நாம் கருதவில்லை. கணக்கெழுதியவருக்கும் இந்த விதியை எவரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே.

ஓராண்டுக்கு 15 நாள் கூலி என்பது பணிக்கொடையின் கணக்கு. நாட்கூலி 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்கு 18,000 ரூபாய். நகரத்து நிறுவனத்தில் இது ஒரு விருந்துச் செலவு. அந்த உம்மாவுக்கோ ஒழுகும் கூரையை மாற்றும் பணம். அப்பெண் எழுதித் தந்த மனுவுடன் தோட்ட அலுவலகத்துக்குச் சென்றோம். கணக்கு திருத்தப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். திருத்த மறுத்திருந்தால், தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிட வழி இருந்தது. அதையும் அவர் படித்தே வைத்திருந்தார்.

மாணவச் செல்வங்களே, மனிதவளம் என்ற படிப்பின் அடித்தளம் இதுதான் என்று நாம் கருதுகிறோம். முதலில் மஸ்டர் புத்தகத்தை, கூலிப் பட்டியலை, பி.எஃப். கணக்கை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தலைமைப் பண்பு, ஊக்குவிப்பு, குழு மனப்பான்மை ஆகியவற்றை அதன் பின்னர் படிக்கலாம்.

இந்தத் துறை வானத்திலிருந்து இறங்கியதன்று. நம் முன்னோர் காலத்துத் தோட்டங்களில் ஆளெடுத்தவரும், முன்பணம் கொடுத்தவரும், வேலை வாங்கியவரும் கங்காணி ஒருவரே. நம் பகுதியிலுள்ள இலங்கைத் தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் 'துண்டு' என்ற சொல்லை முதியவர்கள் அறிந்திருக்கக்கூடும். தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு அது. அந்தத் துண்டு இல்லாமல் இலங்கையில் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. இன்று அனுபவச் சான்றிதழைக் கொடுக்காமல் இளைஞர்களை இழுத்தடிக்கும் அலுவலகங்களைக் கேள்விப்படும்போது, துண்டு வேறு உருவில் வந்துவிட்டதோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

1918இல் சென்னையில் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்கு மேற்பட்ட ஆலைகளிலும், 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேருக்கு மேற்பட்ட தோட்டங்களிலும் நல அலுவலர் வேண்டும் என்றன. அந்த நல அலுவலரே நாளடைவில் 'பர்சனல் ஆபீசர்' ஆகி, பின்னர் 'எச்.ஆர். மேனேஜர்' ஆனார். பெயர் மாறியபோது 'நலம்' என்ற சொல் வழியில் எங்கோ தவறிவிட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் வந்த மக்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் டான்டீ ஆனதை நீங்கள் அறிவீர்கள். அந்த வரலாறு நம் வீட்டு வாசலில் இருக்கிறது. கல்லூரியில் ஆய்வறிக்கைக்குத் தலைப்புத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

சட்டம் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. நாம் மேலே சொன்ன பழைய சட்டங்களின் இடத்தில் இன்று அவைதாம் உள்ளன. நல அலுவலருக்கான எண்ணிக்கை 250 ஆகியிருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்படுவோருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. பழைய பாடநூலை மட்டும் வைத்துத் தேர்வெழுதி வருபவர் வேலையில் அமர்ந்த முதல் நாளே தடுமாறுவார். ஆனால் பழையதையும் விட்டுவிடாதீர்கள். 30 ஆண்டுப் பணிக்காலம் உடையவரின் கணக்கு பழைய சட்டத்தில்தான் தொடங்குகிறது.

பெயர் விஷயம் நம் சமுதாயத்துக்கே உரிய தலைவலி. முஹம்மது, முகமது, மொகமது, முஹம்மத் என்று ஒரே மனிதர் நான்கு ஆவணங்களில் நான்கு விதமாக வாழ்கிறார்! தோட்டத்து மஸ்டரில் 'பாத்தும்மா', குடும்ப அட்டையில் 'பாத்திமா', ஆதாரில் 'பாத்திமா பீவி' என்றிருக்கும். நம் ஊரில் தமிழும் மலையாளமும் கலந்திருப்பதால், இரண்டு எழுத்திலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போகும்போது கோளாறு இரட்டிப்பாகிறது. இனிஷியல் தந்தையுடையதா, கணவருடையதா என்பது மற்றொரு சிக்கல். பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவருகிறது. தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையொப்பமிடும் கூட்டு உறுதிமொழி மூலம் இதைத் திருத்தலாம். வேலையில் இருக்கும்போது இது ஒரு நாள் வேலை. நிறுவனம் மூடப்பட்ட பின்போ எத்தனை வருட அலைச்சல் என்று சொல்ல முடியாது. புதிதாகச் சேர்பவரின் பெயரை முதல் நாளே ஆதாருடன் ஒப்பிட்டு எழுதும் ஓர் எச்.ஆர். உதவியாளர், முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு துன்பத்தை அன்றே நீக்கிவிடுகிறார்.

அடுத்து மொழி. ஆங்கிலம் தேவைதான், மறுக்கவில்லை. ஆயினும் தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழியை நல அலுவலர் அறிந்திருக்க வேண்டும் என்பது இத்துறையின் பழைய நெறி. இன்று நீலகிரித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தார் வேலை செய்கின்றனர். நம் அண்டையில் பணியர், காட்டுநாயக்கர் மக்கள் இருக்கின்றனர். கையெழுத்து வாங்கும் தாளில் இருப்பதை அவர்கள் மொழியில் படித்துச் சொல்ல இயலாதவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அந்த நாற்காலிக்குத் தகுதியானவர் அல்லர் என்பதே நம் எண்ணம்.

கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேர் பணிபுரியும் இடத்திலேயே உள்ளகக் குழு வேண்டும். சுவரில் அறிவிப்பு ஒட்டுவதோடு அது முடிந்துவிடுவதில்லை. நம் பெண் பிள்ளைகள் இத்துறைக்கு வருவதை நாம் ஊக்குவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில குறைகளைப் பெண்கள் பெண்களிடம் மட்டுமே சொல்வார்கள்.

வளைகுடா செல்ல எண்ணுவோருக்கு ஒரு சொல். அங்கே எச்.ஆர். பிரிவில் அமர்வோர் கையில்தான் நம் சகோதரர்களின் பாஸ்போர்ட்டும் ஒப்பந்தமும் புழங்குகின்றன. கூலியை வங்கி வழியாகவே செலுத்தச் செய்யும் ஏற்பாட்டை ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் கொண்டு வந்தது. அதன் நடைமுறையைப் போகுமுன்பே படித்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் நமக்குப் புதியவை அல்ல. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கலாகாது என்ற நபிமொழியை அறியாதவர் இந்த மஜ்லிஸில் இல்லை. சூரா அல்கஸஸில் மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் கூறிய இடத்தைப் பாருங்கள். வலிமை, நம்பகம் என்ற இரண்டு தகுதிகளையே அவர் எடுத்துச் சொன்னார். தந்தையும் எட்டு ஆண்டு என்று காலத்தை முன்கூட்டியே தெளிவாக்கி, பத்தாக நிறைவு செய்வதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விட்டார். கட்டாயம் எது, விருப்பம் எது என்று பிரித்துச் சொன்ன ஒப்பந்தம் அது. இன்றைய நியமனக் கடிதங்கள் பலவற்றில் அந்தத் தெளிவு இல்லை.

எங்கே படிப்பது என்று கேட்பீர்கள். நம் மாவட்டக் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மைக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. அது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 1952இல் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை வாங்கி, தொழிலாளர் சட்டத்துக்கும் ஊதியக் கணக்குக்கும் எத்தனை தாள்கள் என்று முதலில் பாருங்கள். விடுமுறையில் ஒரு வாரமாவது கொழுந்து நிறுக்கும் இடத்தில் போய் நின்று, எடையில் எதற்காக எவ்வளவு கழிக்கிறார்கள் என்று எழுதி வாருங்கள்.

ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாக் கட்டடத்தில் ஒரு மேசை போடுவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. மனிதவளம் படிக்கும் பிள்ளைகள் அங்கே அமர்வர். முன்பு சொன்ன அந்தப் பெண் அவர்களுக்கு வழிகாட்டுவார். மஹல்லாவாசிகள், பிற சமயச் சகோதரர்கள் எவராயினும் வரலாம். பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். தாள், ஆதார், குடும்ப அட்டை நான்கையும் எடுத்து வாருங்கள். சீட்டு கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.