திரையில் டாக்டர், நெஞ்சில் வலி



தொலைமருத்துவச் சட்டம் 1997-லேயே நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது நம்மில் பலருக்கு 2020 கோவிட் காலத்தில்தான் தெரிய வந்தது. பட்டர்வொர்த், பிறையிலிருந்து பாலம் தாண்டி பினாங்கு பொது மருத்துவமனைக்கு வந்தால் ஒருநாள் சம்பளம் போகும் தொழிலாளிக்கு இது பெரிய உதவி. இருதய நோயாளிகள், அடுத்த பரிசோதனையை வீடியோவில் வைக்க முடியுமா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

திரை வழியாக நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு வாரப் பிரஷர் அளவை எழுதி வையுங்கள். மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டுங்கள். கால் வீங்கியிருந்தால் அதையும் காட்டுங்கள்.

மலாய் புரியாமல் "ஓகே, ஓகே" என்று தலையாட்டாதீர்கள்! தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். மகனை மொழிபெயர்க்க வைத்தால் தாய் பாதியை மறைத்துவிடுவார். என் வீட்டிலேயே நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது நம் நியாயமான கோரிக்கை.

நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் வீடியோவுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 999. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்; நம்மவர்களில் நீரிழிவு அதிகம்.

இனி உங்கள் கேள்விகள். பின்வரிசை அம்மாக்கள் முதலில் கேளுங்கள்.