உயரத்தில் வைத்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கம் கல்லூரி வளாகத்துக்கு 'வைஃபை' வசதி செய்து தரப்போவதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சி. அதற்குமுன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு கல்லூரியில் இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நம் கல்லூரி விழாவில் கூம்பு ஒலிபெருக்கியை உச்சியில் கட்டுவோமே, அதே ஞாபகத்தில் 20 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டிமேல் திசை ஆன்டெனாவை நேராக நிறுத்தினேன். கருவி கீழே அறையில். நடுவே 30 மீட்டர் கேபிள். நல்ல கேபிள்தான், ஆனாலும் அந்த நீளத்தில் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஈடுகட்டக் கருவியின் சக்தியைக் கூட்டிவிட்டேன்.

விளைவு? 40 மீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில் இருந்தவர்களின் தலைக்குமேலே அலை போய்விட்டது. 200 மீட்டர் தள்ளி விடுதித் தாழ்வாரத்திலோ சிக்னல் முழுசாக இருந்தது. அங்கே ஒரு மாணவன், கடைசி நாள் இரவில் உதவித்தொகை விண்ணப்பம் போட உட்கார்ந்தான். பக்கம் திறந்தது, சான்றிதழ் ஏறவில்லை. "சிக்னல் ஃபுல்லா காட்டுது சார், ஒண்ணும் போகமாட்டேங்குது" என்றான். அந்த வருடம் அவனுக்கு உதவித்தொகை இல்லை.

ஏன்? ஒலிபெருக்கி பேசினால் போதும். ஆன்டெனா கேட்கவும் வேண்டும். அவன் கையிலிருந்த போனின் குரல் பத்தில் ஒரு வாட் அளவுதான். அந்தச் சன்னக் குரலையும் கேபிள் விழுங்கிவிட்டது. நான் கூட்டிய சக்தி என் குரலைத்தான் பெரிதாக்கியது, காதையல்ல!

பிறகு திருத்தினோம். மரத்தடிக்கென்று, எதிரே இருந்த நூலகச் சுவரில் 5 மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கி 6 டிகிரி சாய்த்து ஓர் ஆன்டெனா. விடுதிக்கு அருகிலேயே இன்னொன்று. மழை தாங்கும் கருவியை ஆன்டெனாவின் முதுகிலேயே பொருத்தினோம். மின்சாரமும் தகவலும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும். அது 100 மீட்டர் வரை தாங்கும். இடிக்குப் பயந்து கம்பத்துக்கு எர்த்தும் போட்டோம்.

ஆகவே நண்பர்களே, உயரமான கட்டடம் எது என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். சோதிக்கும்போது சிக்னலை மட்டும் பார்க்காமல், அங்கே நின்று ஒரு கோப்பை அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.