பின்னச்சும் அது தாங்கும் பாரமும்

(செங்காங்கில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தச் செங்காங், 1990களில் அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன்னர் இரப்பர் மரங்களும் பன்றிப் பண்ணைகளும் மீனவர் குடியிருப்பும் நிறைந்திருந்த வட்டாரமாகும். சிங்கப்பூரில் இன்று பால்வெட்டுத் தொழில் இல்லை. ஜோகூர்ப் பாலம் கடந்து வந்திருக்கும் உங்களுக்கோ அதுவே வாழ்வு. வரும் வழியில் சாலையோரப் புல்லை வெட்டும் சிறு டிராக்டரை நீங்கள் கண்டிருக்கலாம். அதே வகை வண்டிதான் சில தோட்டங்களில் பால் தொட்டியையும் உர மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு மேடு ஏறுகிறது. புல் வெட்டுவதற்கென்று செய்த பின்னச்சு அந்த வேலையைத் தாங்குமா என்பதே இன்றைய பேச்சு.

மழை பெய்த மறுநாள் செம்மண் ஏற்றத்தில் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன. வண்டி நகர்வதில்லை. பால் கெட்டுவிடுமே என்ற கவலையில் ஓட்டுநர் என்ன செய்கிறார்? இருக்கைக்குப் பின்னால் சிமெண்டுக் கட்டிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டுகிறார். அவ்வாறு கட்டப்பட்ட வண்டி ஒன்றை ஒரு தோட்டத்தில் நாமே பார்த்தோம். சக்கரம் வழுக்குவது நின்றது உண்மைதான். சில மாதங்கள் கழித்து மீண்டும் அங்கே சென்றபோது, அவ்வண்டி அச்சுத்தண்டு முறிந்து கொட்டகையில் கிடந்தது.

காரணம் யாதெனில், சக்கரம் வழுக்குவதுதான் அச்சுக்குக் காவல். இழுக்க முடியாத பாரம் வந்தால் டயர் வழுக்கி, விசையை மண்ணில் கரைத்துவிடும். பாரம் ஏற்றி வழுக்கலை நிறுத்தினால் அந்த விசை முழுவதும் பல்சக்கரங்களையும் அச்சுத்தண்டையும் முறுக்குகிறது. மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இறும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறியிருப்பது, டிராக்டருக்கும் பொருந்தும் பொறியியலே அன்றோ?

அப்படியானால் எடையே சேர்க்கக் கூடாதா? சேர்க்கலாம், ஆனால் எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 120 செண்டிமீட்டர் உள்ள வண்டியில், பின்னச்சுக்கு 60 செண்டிமீட்டர் பின்னே 100 கிலோ கட்டுவதாகக் கொள்வோம். பின்சக்கரங்களின்மேல் ஏறுவது 100 கிலோ அன்று, 150 கிலோ. மிகுதியான 50 கிலோ முன்சக்கரங்களிலிருந்து குறைந்து வந்தது. அந்த 150 கிலோவும் அச்சின் வழியாகவே தரைக்கு இறங்க வேண்டியிருப்பதால் அச்சு வளைகிறது. முன்பக்கம் இலேசாகித் திருப்புவதும் கடினமாகிறது. அதே 100 கிலோவைச் சக்கரத்துக்கு 50 கிலோவாக, வார்ப்பிரும்பு வட்டுகளாகச் சக்கரங்களிலேயே பொருத்தினால், எடை டயர் வழியே நேரே தரைக்கு இறங்கிவிடும். அச்சை வளைக்காது. முறுக்கு விசை மட்டும் கூடும். ஆதலால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வண்டியோடு வந்த கையேடே சொல்ல வேண்டும், நமது துணிச்சல் அன்று.

கையேடு அனுமதித்தால் டயருக்குள் தண்ணீரும் நிரப்பலாம். வால்வை உச்சியில் நிறுத்தி, அதன் மட்டம் வரை நிரப்பினால் ஏறத்தாழ முக்கால் பங்கு நிறையும். 1 லிட்டர் 1 கிலோ. குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பர். அது கசிந்தால் இரும்பு துருப்பிடிக்கும்; நமது வெப்ப நாட்டில் அது தேவையே இல்லை.

இழுக்கும் கொக்கியும் கவனத்துக்குரியது. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர், பின்னால் இழுத்த கலப்பை எதிலேனும் சிக்கினால் முன்சக்கரம் தூக்கிப் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்குவதில் பேர்பெற்றது. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து, கலப்பையின் எடையையும் இழுவையையும் கொண்டே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தச் செய்தார். அதனால் இலேசான வண்டியும் கூடுதல் பாரமின்றி உழுதது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செய்துவரும் மாசி பெர்குசன் டிராக்டர்கள் அவ்வழி வந்தவையே. ஆனால் ஒற்றை ஊசியில் மாட்டிய பால் தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கொக்கியை அச்சின் மட்டத்துக்கு மேலே மாட்டவே கூடாது.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. பல சிறு டிராக்டர்களில் பிரேக் சக்கரத்தில் இல்லை. பல்சக்கரப் பெட்டியில், இரு பக்க அச்சுத்தண்டுகளும் பிரிவதற்கு முன்னே இருக்கிறது. ஒரு பக்கத் தண்டு முறிந்தால் மறுபக்கச் சக்கரமும் தடையின்றிச் சுழலும். இறக்கத்தில் நிறைந்த தொட்டி பின்னால் தள்ளும்போது பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. நாம் பேசுவது ஓர் இரும்புத் துண்டின் விலையைப் பற்றி அன்று என்பது இப்போது விளங்கும்.

எடை சரியா என்பதை மண்ணே காட்டும். டயரின் பட்டைத் தடம் அச்சடித்தாற்போல் தெளிவாகப் பதிந்தால் எடை அதிகம். முற்றிலும் அழிந்து தேய்ந்திருந்தால் குறைவு. ஓரம் தெளிந்து நடுப்பகுதி சற்றே கலைந்திருந்தால் போதும். சேற்றில் சிக்கிய வண்டியை, கிளட்சைப் படாரென்று விட்டுக் குலுக்கி எடுக்காதீர்கள். தொட்டியைக் கழற்றிவிட்டு எடுங்கள். சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்தாலும், சக்கரம் ஆடினாலும், கிளட்சு விடும்போது ‘டக்’கென்று ஒலி எழுந்தாலும், அன்றே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், சொன்னவரைக் கடிந்துகொள்ளும் மேலாளர்களும் இருக்கிறார்கள், ஆயினும் சொல்லுங்கள். எடை வட்டுகளைப் பூட்டிய போல்ட்டுகளை முதல் நாள் வேலை முடிந்ததும் மறுமுறை முறுக்கிவிட்டு வண்டியைக் கொட்டகையில் விடுங்கள்.