லீவ் சரண்டரில் ஓர் ஆராய்ச்சி

பட்டினப்பாக்கத்திலிருந்து எம்.ஆர்.சி. நகரைத் தாண்டினால் பூம்பொழில் வளாகம். 1997-இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகள், பேராசிரியர் மேற்பார்வையில் ஆராயத் தலைப்புத் தேடினால், ஒன்று சொல்கிறேன்: ஓய்வு பெறுகிறவர்களின் லீவ் சரண்டர் பணம்.

சிரிக்காதீர்கள். ஒரே தெருவில் ஓர் அரசு ஊழியர், ஒரு கம்பெனி ஊழியர். இருவரும் 2022-இல் ஓய்வு பெற்று, மிச்சமிருந்த விடுப்புக்கு ஆளுக்கு 8 லட்சம் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு ஊழியருக்கு ஒரு பைசா வரி கிடையாது. கம்பெனிக்காரருக்கோ அதிகபட்சம் 3 லட்சம்தான் விலக்கு. மீதி 5 லட்சம் அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். இந்த 3 லட்ச வரம்பு 2002 அறிவிப்பில் வந்தது. அதை 25 லட்சமாக உயர்த்தியது 2023-இல். நடுவில் சம்பளம் ஏறியது, விலைவாசி ஏறியது, வரம்பு மட்டும் அசையவில்லை. அரசு வங்கியில் வேலை பார்த்தவரும் இதில் கம்பெனிக்காரர் வரிசையில்தான் நிற்கவேண்டும். சம்பள வரிச் சான்றிதழ் கைக்கு வரும்போதுதான் பலருக்கு அது உறைக்கும்.

இதைக் கேட்டதும் சூட்டிகையான மாணவர், சமத்துவம் பேசும் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கேதான் வழிகாட்டி வேண்டும். 'சமத்துவம் அப்புறம், முதலில் இரண்டு அறிவிப்பையும் வரிவரியாகப் படி. தீர்ப்பாய உத்தரவுகளைத் தேடு. ஓய்வு பெற்றவர்களை நேரில் போய்ப் பார். பெயரும் பான் எண்ணும் கட்டுரையில் வரக்கூடாது' என்று அவர் பிடித்து உட்காரவைப்பார். மாதம் இருமுறை எழுதியதைத் திருத்திக் கொடுத்தால் போதும், பாதி வழக்கறிஞர் அங்கேயே உருவாகிவிடுவார்.

வரி என்றாலே கிரிமினல் பக்கம் நழுவும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு இப்போது நல்ல வாய்ப்பு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. பழைய பிரிவை வைத்து ஊழியர்கள் ஜெயித்த தீர்ப்பு புதிய பிரிவில் செல்லுமா? பணிக்கொடைக்கு ஒருவர், பி.எஃப். வட்டிக்கு ஒருவர், கம்பெனி கொடுக்கும் வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டாலும், ஒரு வகுப்புக்கே வேலை இருக்கிறது.